சார்ந்திருப்போர் இருவர்

ஜனவரி 7, புதன்

காலை ஏழரைக்கும் பனி விலகவில்லை. கடலூர் முதுநகரில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே வந்த டிராக்டர் தெரியவில்லை, மேலே ஏற்றியிருந்த கரும்பு மட்டும் தனியாக நகர்ந்து வந்தது. ஆபீசுக்கு இருபது நிமிடம் லேட். ஆடிட்டர் சார் கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

சம்பளக்காரர்கள் வரிச் சலுகைக்கு ரசீது கொண்டுவரும் சீசன். மேஜை கொள்ளாமல் ஃபைல். பதினோரு வருடமாக இதே வேலை, காகிதத்தைக் கையில் வாங்கினாலே பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடும். சொந்த வீட்டில் இருந்துகொண்டு மாமனாருக்கு வாடகை கொடுப்பவர்கள். இல்லாத கோயிலுக்கு நன்கொடை எழுதுபவர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம். எந்தப் பொய்க்கும் பின்னால் ஒரு லாபம் இருக்கும். அதைத் தேடினால் ஆள் மாட்டிக்கொள்வார்.

செய்ய வேண்டியது:
கேஸ் புக்
இனியாவுக்கு வெள்ளை ரிப்பன், கலர் பென்சில்
கோலமாவு. மஞ்சள் கொத்து இப்போது வேண்டாம், வாடிவிடும்

மதியம் மு.-விடமிருந்து வாட்ஸ்அப். முரளி என்று முழுசாக எழுத வரவில்லை. கட்டியிருந்தபோது பேர் சொன்னதில்லை, கோர்ட்டில் பிரிந்து ஆறு வருடம் ஆகியும் பழக்கம் போகவில்லை. "கையெழுத்து போட்டு அனுப்பவும். 20க்குள் ஆபீசில் தரணும்." சிதம்பரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. அங்கே இந்த வருடம் புது மேனேஜர் போலிருக்கிறது. விவாகரத்தானவர்கள் ஒரே பிள்ளையை இரண்டு பக்கமும் கணக்கில் காட்டிவிடக் கூடாது என்று மற்றவரிடம் கடிதம் கேட்கிறாராம். நியாயம்தான். இனியா என்னிடம் இருக்கிறாள், ஸ்கூல் ஃபீஸ் கட்டுவது மு., அதற்குச் சலுகையும் மு.-க்கு. அதில் எனக்குச் சண்டை இல்லை.

கடிதம்: "மேற்படி குழந்தைகளை என் வருமான வரிக் கணக்கில் சார்ந்திருப்போராக நான் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்."

குழந்தைகள். டைப் அடித்தவர் தப்பு என்று நினைத்து அடுத்த பக்கம் போனேன்.

சார்ந்திருப்போர் விவரம்.
1. இனியா, மகள், வயது 9.
2. ஓவியா, மகள், வயது 9.

பக்கத்து சீட் ஷகிலா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னக்கா என்றாள். அசிடிட்டி என்றேன்.

எனக்குப் பிறந்தது இரட்டை. பெண்ணாக இருந்தால் முதலில் பிறப்பவள் இனியா, அடுத்தவள் ஓவியா என்று நெல்லிக்குப்பம் பஸ்ஸில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேசி வைத்த பேர்கள். பதினாறாம் நாள் பேர் வைப்பதாக இருந்தது. ஒன்பதாம் நாளே ஒன்று போய்விட்டது. இருந்ததற்கு இனியா என்று வைத்தோம். ஓவியா என்ற பேரை அதன் பிறகு யாரும் வாயால் சொன்னதில்லை. என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இன்றுதான் அச்சில் பார்க்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

பனி. தொண்டை கட்டியிருக்கிறது.

நேற்று வரியை ஏமாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளின் ஃபீஸுக்குச் சலுகை இரண்டு பிள்ளை வரைக்கும் உண்டு, அதற்காகச் செத்த பிள்ளையை இழுத்துவந்திருக்கிறார், சீ என்று இருந்தது. இன்று காலை ஆபீசில் பெரிது செய்து பார்த்தேன். இனியாவுக்கு நேரே ஃபீஸ் தொகை, ரசீது நம்பர். ஓவியாவுக்கு நேரே: "நான்காம் வகுப்பு. கட்டணம் இல்லை."

ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை. எதற்காகவும் எழுதப்படாத ஒரு பொய். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஏமாற்றினார் என்றால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் மருத்துவ அட்டைக்கு இரண்டு போட்டோ. முதலாவது இனியா. வழக்கம்போல் வாய் முழுக்கப் பல். இரண்டாவதில் வலப் பக்கம் வகிடு, மூடிய உதடு, நேர்ப் பார்வை. நான் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த பச்சை கவுன். முகம் என் மகளுடையது. ஆனால் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. இனியாவுக்கு உதட்டை மூடி ஒரு நிமிடம் நிற்க வராது.

மாடிப்படியில் நின்று மு.-வுக்குப் போன் போட்டேன். ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சு என்றால் பஸ் நேரம், காய்ச்சல், ஃபீஸ். பட்டியலில் இரண்டு பேர் இருக்கிறதே என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"ஆமா. நமக்கு ரெண்டு பேர்தானே."

அந்தப் பக்கம் யாரோ பிரிண்டரில் பேப்பர் இல்லை என்று சொல்வது கேட்டது. கையெழுத்து போட்டு அனுப்பிவிடு என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜனவரி 9, வெள்ளி

ஆடிட்டர் சாரிடம் ஒரு கிளையண்டுக்காக என்று சொல்லிக் கேட்டேன். பிரிந்துபோனவர்களில் பிள்ளை யார் கணக்கு? அவர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். "பெத்தது யாருன்னு சட்டம் பாக்காதும்மா. யாரு பராமரிப்புல இருக்குன்னுதான் பாக்கும்."

பராமரிப்பு. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை டைப் அடிக்கிற வார்த்தை. இன்று கை நின்றுவிட்டது. ஓவியாவை ஒன்பது வருடமாகப் பராமரித்தது யார்? வயது ஏற்றி, வகுப்பு ஏற்றி, போட்டோ எடுத்து வைத்திருப்பவர் அவர். நான் அவள் பேரை ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதியதில்லை. சட்டப்படி பார்த்தால் அவள் அவருடைய பிள்ளை.

இரவு தோசை. இனியாவுக்கு நான்கு. கணக்கில் பதினெட்டு மார்க். டீச்சர் கையெழுத்து கேட்டிருக்கிறார், போட்டேன்.

ஜனவரி 10, சனி

மு. வந்து இனியாவை அழைத்துப்போகும் வாரம். மாதம் இரண்டு தடவை. ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்.

பையை அவளே அடுக்கினாள். இரண்டு சீப்பு, இரண்டு டூத் பிரஷ், இரண்டு டம்ளர். எத்தனையோ மாதமாக இப்படித்தான் அடுக்குகிறாள். மறதிக்காரி, ஒன்றைத் தொலைத்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று எடுத்துவைக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். ஒருமுறை திட்டியும் இருக்கிறேன். இன்று நானே பையின் ஜிப்பை மூடிக்கொடுத்தேன்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் பத்து மணி. பொங்கல் கூட்டம், கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, கால் வைக்க இடமில்லை. வழக்கமாகப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு உடனே திரும்பிவிடுவேன். இன்று ஜன்னல் பக்கம் நின்றேன். மூன்று பேர் சீட்டில் மு. ஓரமாக, இனியா ஜன்னலோரமாக. நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு. அங்கே உட்கார வந்த ஒரு அம்மாளிடம் ஆள் வருது என்றார்.

கண்டக்டர் வந்தார்.

"சிதம்பரம். ஒரு ஃபுல்லு, ரெண்டு ஆஃப்."

"எங்க இன்னொரு புள்ள?"

"இருக்கு. குடுங்க."

கண்டக்டர் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். இனியா என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பஸ் கிளம்பிய பிறகும் வெயிலில் அங்கேயே நின்றேன். யாரோ கரும்பு வேணுமா என்று மூன்று தடவை கேட்டார்கள்.

ஜனவரி 11, ஞாயிறு

துணி துவைத்தது, பரண் துடைத்தது, பழைய பேப்பர் போட்டது. எதிலும் மனம் நிற்கவில்லை.

ஆறு மணிக்கு இனியா வந்தாள். வகிடு வலப் பக்கம். நேராகக் கண்ணாடி முன்னால் போய்த் தலையைக் கலைத்து இடப் பக்கம் எடுத்து வாரிக்கொண்டாள். இதையும் பல தடவை பார்த்திருக்கிறேன். பஸ் காற்றில் கலைந்த தலையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்திருந்தேன். பெற்றவளுக்குக் கண் இருந்து என்ன பிரயோஜனம்.

ஓவியா யார் என்று கேட்டுவிட்டேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சனிக்கெழம நானு. ஞாயித்துக்கெழம ஓவியா."

அப்பா சொல்லிக்கொடுத்ததா என்றேன். இல்லையாம். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நீங்கள் இரண்டு பேர் என்று அப்பா சொன்னாராம். அவள் எப்படி இருப்பாள் என்று இவள் கேட்டிருக்கிறாள். தெரியாது என்று சொல்லிவிட்டு அப்பா அழுதாராம். அப்படியானால் நான் செய்து காட்டட்டுமா என்று இவளே கேட்டாளாம். அப்போதிலிருந்து ஞாயிறுகளில் அவள். வலப் பக்கம் வகிடு. கத்திரிக்காய் கொத்சு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவாளாம். இனியா கத்திரிக்காயைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறவள்.

"அவ ஜாஸ்தி பேச மாட்டா. வாய மூடிக்கினே சிரிப்பா. அப்பாவுக்கு ரொம்பப் புடிக்கும்."

விளையாட்டுதானே என்றேன், சாதாரணமாகக் கேட்பதுபோல.

"மொதல்ல வெளையாட்டு" என்றாள். ஷூவை எடுத்துப்போய் இடத்தில் வைத்தாள். பிறகு சுண்டல் இருக்கா என்று கேட்டாள்.

ஜனவரி 12, திங்கள்

பஸ்ஸில் சீட் கிடைத்தது. சில்லறைத் தகராறு.

ஷகிலாவிடம் சொன்னேன். டீ ஆறும்வரை கேட்டாள். கவுன்சலிங் டாக்டர் ஒருவரின் நம்பர் கொடுத்தாள். பிறகு இறப்புச் சான்றிதழ் வாங்கினீர்களா என்று கேட்டாள். வாங்கவில்லை. நான் தையலோடு படுத்திருந்தேன், அவர் புதைத்துவிட்டு வந்தார், காகிதம் பற்றி யாருக்கு நினைப்பு.

"செத்ததுக்குக் காயிதம் இல்லன்னா, கணக்குல உசுரோட இருக்கற மாதிரிதான்க்கா."

நான் மற்றவர்களுக்குச் சொல்கிற வாசகம்தான். காகிதம் இல்லையென்றால் நடக்கவில்லை என்று அர்த்தம். என்னிடமே திரும்பி வந்தது.

டாக்டருக்குப் போன். பொங்கல் லீவு, 22ஆம் தேதிக்கு நேரம் கொடுத்தார்கள்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

விடியற்காலையில் பொங்கல் வைத்தோம். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. இனியா வாசலில் கலர் கோலம், மயில், நன்றாக வந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மதியம் இலை போட்டோம். பல காய்க் குழம்பு. பூசணி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, கத்திரிக்காய். அவள் இலையில் கத்திரிக்காய் விழாமல் கரண்டியால் ஒதுக்கி ஊற்றினேன், எப்போதும்போல. நான் மோர் எடுக்கப் போய்த் திரும்பினால் அவள் சட்டியிலிருந்து கத்திரிக்காயாகப் பொறுக்கி இலையில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். மெதுவாக. சத்தம் இல்லாமல்.

இன்று வியாழக்கிழமை ஆச்சே என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். "இன்னிக்கே வந்துட்டா."

பட்டப்பகல். டிவியில் பட்டிமன்றம் கைதட்டல். பயந்தேன், என் பிள்ளையைப் பார்த்தே பயந்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்த டைரிக்கு அர்த்தம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மிச்சக் கத்திரிக்காயைப் பார்த்து, சே, இதை யார் என் இலையில் போட்டது என்றாள்.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

மு.-வின் வாரம் இல்லை. நானே இனியாவை அழைத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடிப் போர்ஷன். பிரிந்த பிறகு அந்த வீட்டு வாசலை மிதித்தது இன்றுதான் முதல் தடவை. இனியா வழி காட்டினாள். அந்தத் தெருவில் நாய்க்குக்கூட அவளைத் தெரிந்திருக்கிறது.

மு. கைலியோடு கதவைத் திறந்தார். இளைத்திருக்கிறார். முன்தலை வழுக்கை. என்னைப் பார்த்துத் துண்டைத் தேடினார். பிள்ளை கீழே நொண்டியாடப் போய்விட்டாள்.

வீடு சுத்தம். ஹாலில் இரண்டு சின்னத் தட்டு, இரண்டு தலையணை. கதவு நிலையில் பென்சில் கோடுகள், உயரம் குறித்தது. இரண்டு வரிசை. மேலே இ, ஓ. ஒரே மாதம், ஒரே உடம்பு. ஆனால் ஓ பக்கத்துக் கோடு ஒவ்வொரு தடவையும் அரை விரல்கடை மேலே. எப்படி என்று கேட்டேன். தெரியவில்லை, அவள் நிமிர்ந்து நிற்பாள் என்றார்.

இரண்டு பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வைத்தார். இரண்டிலும் பேர் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்டேன். கத்தவேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன், மெதுவாகத்தான் கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். பிறந்த அன்றே, எடை குறைவென்று, இரண்டு பிள்ளையையும் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள், நான் கடலூரில். ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். வாடகைக் காரில் இவர் ஒன்று, இவருடைய அக்கா ஒன்று. ஒரே மாதிரி டவல், ஒரே மாதிரி குல்லாய். காலில் கட்டியிருந்த நம்பர் சீட்டை அவிழ்த்துக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வழியில் பால் புகட்ட மாற்றி மாற்றி மடியில் வாங்கிக்கொண்டார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் அக்கா மடியில் இருந்தது அசையவில்லை. வழியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வண்டியைத் திருப்பிச் சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்குப் போய், காரியத்தை முடித்துவிட்டு, இருந்த பிள்ளையோடு சாயங்காலம் என்னிடம் வந்தார்.

இது வரைக்கும் எனக்குத் தெரிந்த கதை.

"போனது எதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

புரியவில்லை என்றேன்.

"இனியாவா ஓவியாவான்னு தெரியாது. அக்காவக் கேட்டுட்டேன், அவுங்களுக்கும் தெரியல. நான் ஒன்ன எடுத்துக்கினு ஒன்கிட்ட வந்தேன். கதவத் தொறந்ததும் நீ என்னா கேட்ட? இனியா எங்கன்னு கேட்ட. கையில இருந்தத குடுத்துட்டேன்."

ஆமாம். அப்படித்தான் கேட்டேன். பிறந்த அன்று என் மார்பில் ஒரு மணி நேரம் கிடந்தது முதல் பிள்ளை மட்டும். இரண்டாவதை என் கண்ணில் காட்டிவிட்டு உடனே எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பது நாளும் எனக்கு மார்பில் கனத்தது அந்த முதல் பிள்ளையின் கனம்தான். பிள்ளைகள் எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேர் சொல்லி ஒன்றைக் கேட்டேன், அவர் அதைக் கொடுத்தார்.

"இருக்கறது எதுன்னு தெரியாம ஒரு பேர மட்டும் எப்படி எழுதறது? ஒனக்காவ ஒன்னு. இன்னொன்னு பாவம் இல்லயா."

பைத்தியம் என்று எழுதிவிட்டு அடித்தேன். பைத்தியக்காரரின் பேச்சில் இவ்வளவு நியாயம் இருக்காது.

பொங்கலன்று நடந்ததைச் சொன்னேன். "வியாழக்கெழமையா? ஞாயித்துக்கெழம தவுத்து நான் கூப்ட்டதே இல்ல." அவர் எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். பிள்ளை தெருவில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். தனியாகத்தான் ஆடினாள். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் நின்று, இன்னொரு ஆட்டக்காரி ஆடி முடிக்கும் நேரம் காத்திருந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கும் என் அளவுக்குப் பயம். அதில் ஒரு ஆறுதல், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இறப்பைப் பதிந்துவிடலாம், ஒன்றை முடித்தால்தான் ஒன்று பிழைக்கும் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்று தலையசைத்தார். அப்படியென்றால் பேர் என்ன எழுதுவது என்று கேட்டார். நீயே எழுது, நான் கையெழுத்து போடுகிறேன் என்றும் அவரே சொன்னார். மூன்று பேரும் கீழே போய் டீ குடித்தோம். பிள்ளை எங்கள் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றாள். அப்படி ஒரு சந்தோஷம் அவள் முகத்தில்.

ஜனவரி 19, திங்கள். ஆற்றுத் திருவிழா

பெண்ணை ஆற்றுக்கு ஊரே போகிறது. உள்ளூர் விடுமுறை. போகவில்லை. கூட்டத்தில் அவளைத் தொலைத்துவிட்டால், மைக்கில் என்ன பேர் சொல்லித் தேடுவது என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கு மேல் செருப்பு மாட்ட மனம் வரவில்லை.

ஷகிலா போனில் விசாரித்துச் சொன்னாள். வருடக் கணக்கில் தாண்டிவிட்டதால் ஆர்.டி.ஓ. உத்தரவு வேண்டும். அதற்கு முன்னால், அடக்கம் நடந்த சிதம்பரத்தில் பதிவு இல்லை என்று எழுதி வாங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு மனு.

எடுத்துவைத்தது: இரண்டு பிறப்புச் சான்றிதழ் (மு. கொடுத்தது), ஆதார் நகல், கோர்ட் தீர்ப்பு நகல், கருப்பு மைப் பேனா.

பேர் முடிவு செய்துவிட்டேன். ஓவியா. ஒன்பது வருடமாக இனியா என்று கூப்பிட்டு வளர்த்தவள் இனியாவாகத்தான் இருக்கவேண்டும், வயிற்றிலிருந்து முதலில் வந்தது யாராக இருந்தாலும் சரி. இது நியாயம். நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பனி குறைவு. ஆபீசுக்கு லீவு. இனியாவையும் கூட்டிக்கொண்டேன். ஸ்கூலுக்கு அனுப்பினால் அங்கே யாராக உட்கார்ந்திருப்பாளோ என்று பயம். கண்ணெதிரில் இருக்கட்டும்.

சிதம்பரம் பத்தேகால். பிறப்பு இறப்பு பதிவு அலுவலகத்தில் கூட்டம். மனு ஃபாரம் பக்கத்து ஜெராக்ஸ் கடையில். வராண்டாவில் ஒரு பெஞ்ச், அதில் பேத்தி பிறப்பைப் பதிய வந்த ஒரு அம்மாள், நான், இனியா. மு. பன்னிரண்டு மணிக்குப் பர்மிஷன் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

தேதி எழுதினேன். இடம் எழுதினேன். தந்தை பெயர், தாய் பெயர். வயது: ஒன்பது நாள். கை நன்றாகத்தான் ஓடியது, மற்றவர்களுக்கு எழுதிக்கொடுக்கிற மாதிரி. அடுத்த வரி, இறந்தவர் பெயர். அங்கே பேனாவை வைத்தேன், ஓ போட வேண்டியதுதான் பாக்கி.

இனியா என் தோளில் முகவாயை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்பு, எல்லாம் படிக்கிறாள்.

"ம்மா, அதுல என் பேரு போட்டுடேன்."

என்ன பேசுகிறாய் என்று திரும்பினேன். வகிடு இடப் பக்கம். இனியாதான். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. ரிப்பன் எந்தக் கலர் வேண்டும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"இனியான்னு போடு. அவ இருக்கட்டும். எனக்காவ நீ ஒருவாட்டிகூட அப்பா வீட்டுக்கு வந்ததில்ல. அவளுக்காவதானே வந்த."

பக்கத்து அம்மாள் பேனா இருக்குதாம்மா என்று கேட்டாள். கையில் இருந்ததைக் கொடுத்தேன். ஃபாரத்தை மடித்துப் பையில் போட்டேன். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மு. வருவதற்குள் வெளியே வந்து, பஸ் ஏறி, வீடு வந்து சேர்ந்துவிட்டேன். வழியில் பசிக்கிறதா, தண்ணி வேணுமா, தூக்கம் வருதா, எல்லாம் கேட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட மட்டும் வாய் வரவில்லை.